மேல பூசியாச்சு

வாளி கனத்தது.

மேஸ்திரி அதைத் தரையில் வைத்தார். பிறகு மறுபடி தூக்கினார். அதே கனம். முப்பது வருடம் சிமெண்ட் மூட்டை தூக்கிய கைக்குத் தராசு வேண்டாம். மூடியை நெம்பத் திருப்புளியை எடுத்தவர் நெம்பாமலே வைத்துவிட்டார். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். பச்சைப் பூச்சு, முக்கால் வாளி.

இருக்கக் கூடாது.

அன்றைக்குக் கடைசி நாள். வேலை முடிந்தது என்றுதான் வண்டியைக் காலிசெய்துகொண்டிருந்தார். சாக்கு, டைல்ஸ் துண்டு, கிழிந்த கையுறை எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வாளி உட்கார்ந்திருந்தது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

அந்த வீட்டுக் குளியலறையின் மூலையில் ஒரு ஷவர் இருந்தது. அதை ஆவி அறையாக மாற்றும் வேலை. சுற்றிக் கண்ணாடி, இடுக்கில்லாத கதவு, உட்கார ஒரு திண்டு. பக்கத்து அலமாரிக்குள் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் மெஷின். அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் சுவருக்குள் ஓடிவந்து கணுக்கால் உயரத்தில் வாய் திறக்கும். பொத்தானை அழுத்தினால் ஆவி. கேட்கச் சுலபம். வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

தண்ணீர் கீழே போகும். அதற்கு ஒரு வழி காட்டிவிட்டால் போதும். ஆவி சொன்ன பேச்சு கேட்காது. மேலே போகும், பக்கத்தில் போகும், ஊசிமுனை இடம் கிடைத்தாலும் புகுந்துகொள்ளும். டைல்ஸ் அதைத் தடுக்காது. டைல்ஸ் வெறும் சட்டை. தடுப்பது அதற்குப் பின்னால் இருக்கும் பூச்சு. காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மூன்று சுவர், தரை, திண்டு, தலைக்கு மேல் சீலிங், எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை. இரண்டு வாளி பிடிக்கும் என்று மேஸ்திரிதான் கணக்குப் போட்டார். சுவருக்கும் தரைக்கும் திண்டுக்கும் ஒன்றே கால். சீலிங்குக்கு முக்கால்.

அந்த முக்கால்தான் இப்போது அவர் காலடியில் இருந்தது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மேஸ்திரி வாளியை வண்டிக்குள் தள்ளி அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டார். நான்கு எட்டு நடந்தார். திரும்பி வந்து சாக்கை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை.

பூச்சு வேலை மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. ஆறடி மூன்று அங்குலம். எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பெயர் அவன் அக்காவுக்கே மறந்துபோயிருக்கும். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி என்று ஒழுகுகிற எதையும் அடைப்பான். வேலை சுத்தம். கோபமும் சுத்தம். கத்தமாட்டான், பேசாமல் இருந்துவிடுவான்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு மாடி ஒழுகியது. வீட்டுக்காரர் முன்னால், நாலு பேர் நிற்கும்போது, மேஸ்திரி வாயை விட்டுவிட்டார். "மாப்ள, ரெண்டாவது தடவை பூசினியா, இல்ல பூசினதா நெனச்சுக்கிட்டியா?" ஏணி பிரஷ்ஷைக் கழுவினான், துடைத்தான், இறங்கிப் போனான். மறுவாரம் தோண்டிப் பார்த்தால் ஒழுகியது ஏசி குழாய். பூச்சு கல்லாட்டம் இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வாசல் வழி வந்தால் மற்றவர் கொல்லை வழி போனார். மனைவிதான் இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தாள். "ஊர்ல உள்ள செவுத்துக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டறீங்க. ஒரு மச்சினனை ஒட்டத் தெரியல" என்றாள். ஒட்டவைத்தவள் கையோடு ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டாள். "இனிமே என் தம்பிய 'செஞ்சியா'ன்னு கேக்கக் கூடாது. அவன் செஞ்சிருப்பான். அவ்ளோதான்."

"கேக்கல" என்றார் மேஸ்திரி.

ஐந்து மாதம் ஆயிற்று. கேட்கவில்லை. இந்த வீட்டில்கூட, பூச்சு முடிந்த அன்று, கேள்வியாகக் கேட்காமல் ஒரு பேச்சாகத்தான் சொன்னார். "மேல பூசியாச்சுல்ல மாப்ள."

"மேல பூசியாச்சு மாமா."

அதோடு சரி. மறுநாள் சீலிங்கில் டைல்ஸ் ஒட்டினார். அன்றைக்கு மின்சாரம் இல்லை. எலக்ட்ரீஷியன் மெஷினுக்குத் தனி லைன் இழுக்க மெயினை அணைத்திருந்தார். செல்போன் விளக்கைச் சாரத்தில் கட்டிவைத்துக்கொண்டு ஒட்டினார். அந்த வெளிச்சத்தில் சீலிங் பச்சையாகத் தெரிந்தது. பூச்சு பச்சை. சரிதான். ஆனால் சீலிங்கில் அடித்திருந்த ஜிப்சம் பலகையும் பச்சை. ஈரம் தாங்கும் பலகை என்று அடையாளத்துக்குக் கம்பெனிக்காரன் போட்ட பச்சை. தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். தினமும் ஆவியில் வேகவைத்தால் தாங்காது. கையால் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். கையில் உறை இருந்தது.

ஒருவேளை வேறு வாளியிலிருந்து எடுத்துப் பூசியிருப்பானோ. ஒருவேளை மெலிசாக இழுத்திருப்பானோ. ஒருவேளை கணக்கே தப்போ. மூன்று ஒருவேளை. மூன்றுக்கும் பதில் ஒரே ஆளிடம் இருந்தது. அந்த ஆளிடம்தான் கேட்கக் கூடாது.

"மேஸ்திரி, இன்னைக்கு ஆவி வருமா?"

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார். பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பல் வைத்துத் திருப்பி அனுப்புவார். மேஸ்திரியும் ஏணியும் தங்களுக்குள் பல்செட்டம்மா என்று சொல்லிக்கொள்வார்கள். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்திருந்தார். விரல்கள் எதையும் பிடிக்கவில்லை, நீட்டிக்கொண்டு நின்றன.

"வரும்மா. மத்தியானம் போட்டுப் பாத்துடலாம்."

"நாள எண்ணிட்டிருக்கேன். பாருங்க இத." டம்ளரைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வலது கையை மடக்கிக் காட்டினார். பாதி மடங்கி நின்றுவிட்டது. "இது காலைல எட்டு மணிக்கு. மடங்கறதுக்கு மத்தியானம் ரெண்டு மணி ஆகும். ரெண்டு மணி வரைக்கும் நான் வேலைக்காரி இல்ல, வேடிக்கை பாக்கறவ."

"சுடுதண்ணில வெச்சா?"

"கைய வைக்கலாம். முட்டிய, தோள எந்தச் சட்டில வைக்கறது? உடம்பு முழுக்க வேது பிடிச்சாத்தான் கேக்குது. ஒரு நிமிஷம் மேல வாங்க. ஒண்ணு கேக்கணும்."

மேலே போனார்கள். பல்செட்டம்மாவின் வேலை அறை. மரத்தரை. சரியாகக் குளியலறைக்கு மேலே. மேஸ்திரிக்கு இது முதல் நாளே தெரியும். ஆனால் இன்றைக்குத்தான் அந்தத் தரையில் நிற்கக் கால் கூசியது.

சுவரோரம் அலமாரி நிறையத் தாடைகள். வெள்ளை பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், பல் போனதும் பல் இருப்பதுமாக, வாய் மட்டும் உள்ள ஒரு கூட்டம். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில் பென்சில் குறிப்பு. மேல் தாடை, இடது, நான்காவது. கீழ்த் தாடை, வலது, ஏழாவது.

"இவ்ளோ எழுதணுமா?" என்றார் மேஸ்திரி. ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"எழுதாம ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். மேலன்னு மட்டும் எழுதியிருந்தேன். ஒரு பெரியவரோட மேல் செட்டு இன்னொருத்தர் வாய்க்குப் போயிடுச்சு. அவர் ரெண்டு நாள் வாய மூட முடியாம சிரிச்சுக்கிட்டே இருந்தாராம்." அவரும் சிரித்தார். பிறகு காலால் தரையைத் தட்டினார். "கேக்க வந்தது இதான். கீழ ஆவி போட்டா இங்க தரை கதகதன்னு இருக்கும்ல? அப்படின்னா இந்த அலமாரிய நடுவுல இழுத்துப் போட்டுக்குவேன். அச்செல்லாம் சீக்கிரம் காயும்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடுக்குகள்.

"ஈரம் பட்டா இதுக்கு என்னம்மா ஆகும்?"

"எதுக்கு? இதுக்கா?" ஒரு தாடையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "ஈரம் பட்டா இது பல்லில்ல, மாவு. ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றார் மேஸ்திரி.

கீழே வந்து ஆவி அறைக்குள் நின்றார். சீலிங்கை விரல் முட்டியால் தட்டினார். டக் டக். இன்னோர் இடத்தில் தட்டினார். டக் டக். தட்டிப் பார்த்துச் சொல்ல இது தேங்காய் இல்லை. அந்த சீலிங் அவருடைய பெருமை. தட்டையாக விட்டால் ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். அதனால் அடிக்கு ஓர் அங்குலம் சரித்திருந்தார். திண்டுக்கு மேல் உயரம், எதிர்ச்சுவரில் தாழ்வு. சின்னச் சதுர டைல்ஸ், கோடு பிசகாமல். ஒன்பது நாள் வேலையில் அது மட்டும் மூன்று நாள்.

வெளியே வந்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டியா?"

"மணி ஒம்பதுகூட ஆகல. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா."

"நீங்க சும்மா போன் பண்ற ஆளா? அவன்கூட ஏதாச்சும் இழுத்துக்கிட்டீங்களா?"

"இன்னும் அவன் வரவே இல்ல."

"அப்போ வந்ததும் இழுத்துக்கறதுக்குத்தான் இந்த போனா?" குரல் இறங்கியது. "ஏங்க, அஞ்சு மாசமாத்தான் எனக்குத் தம்பின்னு ஒருத்தன் வீட்டுக்கு வர்றான். ஞாபகம் வெச்சுக்கங்க."

"ஞாபகம் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். சொல்லாமலே விட்டால்? ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்தில் தெரியாது. டைல்ஸ் இடுக்குச் சாந்து வழியாக ஆவி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பலகை குடிக்கும். ஒரு வருடம் குடிக்கும், இரண்டு வருடம் குடிக்கும். மூன்றாம் வருடம் மேலே மரத்தரை உப்பும், அலமாரியில் தாடைகள் மாவாகும், ஒருநாள் சீலிங் திண்டின்மேல் இறங்கும். திண்டின்மேல் யார் உட்கார்ந்திருப்பார் என்பது தெரிந்ததுதான். அப்போது மேஸ்திரி எங்கோ வேறு சுவரில் வேறு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பார். யாரும் தேடி வரப்போவதில்லை.

அந்த எண்ணம் வந்ததற்காகவே ஒரு தடவை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்தார்.

பதினொரு மணிக்கு ஏணி வந்தான். குளியலறை நிலையில் வழக்கம்போல் குனிந்து நுழைந்தான். நேற்றுக் கதவைச் சுற்றி வைத்த சிலிக்கான் பசையை நகத்தால் அழுத்திப் பார்த்தான். "காஞ்சிடுச்சு மாமா. போடலாம்."

மெஷினைப் போட்டார்கள். முதல் தடவை யாராவது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கதவில் கசிகிறதா, சொட்டுகிறதா, குழாய் வாய் காலைச் சுடுகிறதா. இருவரும் பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் திண்டில் உட்கார்ந்தார்கள். ஏணியின் முழங்கால் அவன் தாடைக்கு வந்தது.

அலமாரிக்குள் தண்ணீர் முனகியது. ஐந்து நிமிடத்தில் எதிர்ச்சுவரின் அடியில் புஸ் என்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒன்று தரையில் தவழ்ந்து வந்து கால்களை மறைத்தது. பிறகு மடியை. பிறகு ஏணியையே காணோம்.

"மாமா, இருக்கீங்களா?"

"எங்க போவேன்."

"ஆள் தெரியல. ஆவி பேசற மாதிரி இருக்கு."

"என் ஆவி இன்னும் போகல. நீ கதவப் பாரு."

"கதவு கப்புனு இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பாருங்க மாமா. சொட்டு ஓடுது."

சீலிங் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு சொட்டு திரண்டது. விழவில்லை. சரிவில் மெல்ல நகர்ந்தது, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது, ஓடி எதிர்ச்சுவரில் இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"தலைல ஒண்ணு விழணுமே" என்றான் ஏணி. "உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

மேஸ்திரி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"என்ன மாமா, முள்ளு மேல உக்காந்த மாதிரி?"

"சூடு."

"சூடு இப்பதான வருது. நீங்க நான் வந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருக்கீங்க."

மேஸ்திரி வியர்வையா ஆவியா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்தார். முகம் தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். தெரியவில்லை. அது ஒரு தைரியம்.

"மாப்ள. ஒண்ணு கேக்கப் போறேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

புஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது.

"கேளுங்க."

"செஞ்சியா?"

சொன்ன பிறகு கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். கதவு திறக்கும், ஏணி இறங்கிப் போவான், இன்னும் இரண்டு வருடம். கதவு திறக்கவில்லை.

"எதை?" என்றது ஆவி.

"மேல."

"பூசினேன். ரெண்டு தடவை. மொதத் தடவை காஞ்சப்புறம்தான் ரெண்டாவது."

"அப்போ முக்கால் வாளி மிச்சம் இருக்கே."

"தெரியும். நான்தான உங்க வண்டில வெச்சேன்."

"மேல பூசியிருந்தா எப்படிடா மிஞ்சும்? எந்த மேல?"

"செவுத்துல மேல. எப்பவும் ஷவருக்கு ஆள் உயரம்தான பூசுவோம். நீங்க மேல பூசணும்னு சொன்னீங்க. சரின்னு உச்சி வரைக்கும் போயிட்டேன். எனக்கு ஸ்டூல்கூட வேணாம்."

மேஸ்திரி கையைத் தூக்கி சீலிங்கைத் தொட்டார். டைல்ஸ் வெதுவெதுவென்று இருந்தது.

"நான் இதைச் சொன்னேன்."

"எதை?"

"இதை. சீலிங்கை."

ஏணியின் கை நீண்டு வந்து அவர் கையில் இடித்தது. அவனும் சீலிங்கைத் தொட்டான். இருவர் கையும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன, வீட்டைத் தாங்குகிற மாதிரி.

"சீலிங்னா சீலிங்னு சொல்லணும் மாமா" என்றான் கடைசியில். "எனக்குப் பழக்கம் மொட்டை மாடி. அங்க மேலன்னா வானம். வானத்துக்கா பூசுவேன்? அதுவும் பலகை வேற பச்சையா இருந்துச்சு. ஈரம் தாங்கற பலகைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"முக்கால் வாளி மிஞ்சுதே, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"வந்ததத் துப்ப வேண்டியதுதான?"

"அக்காகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். மாமா சொன்னா சொன்னதுதான், திருப்பிக் கேட்டு அவர் கோவத்தக் கெளறாதன்னு."

மேஸ்திரி உட்கார்ந்தார்.

"உன்கிட்டயும் வாங்கினாளா?"

"உங்ககிட்டயுமா?"

ஆவிக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஏணி சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை. "வாளிய உங்க கண்ணுல படட்டும்னுதான் வண்டில வெச்சேன். பாத்துட்டுக் கேப்பீங்கன்னு. நீங்க அதும்மேல சாக்கைப் போட்டீங்க."

"அது நேத்திக்கு, தெரியாம. இன்னைக்குத் தெரிஞ்சே போட்டேன்."

மேலே நாற்காலி நகர்ந்தது. தலைக்கு மேல், டைல்ஸுக்கும் பலகைக்கும் மரத்துக்கும் அந்தப் பக்கம், பல்செட்டம்மாவின் காலடி. இரண்டு எட்டு. நின்றது. மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கும் சத்தம்.

"என்ன பண்ணலாம் மாமா?"

மேஸ்திரி சீலிங்கைப் பார்த்தார். சொட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வழி தவறவில்லை.

"ஒடைக்கணும்" என்றார்.

அவர்கள் கதவைத் திறந்தபோது பல்செட்டம்மா தோளில் துண்டோடு நின்றிருந்தார். ஆவி அவரைத் தாண்டி நடைக்குப் போயிற்று.

"நல்லா வெந்துட்டீங்களா?"

மேஸ்திரி ஈரப் பனியனோடு நின்று சொன்னார். பூசுவது அவர் தொழிலில் பாதி. ஆனால் அப்போது பூசி மெழுக வரவில்லை. சீலிங்குக்குப் பூச்சு இல்லை, நான் பார்க்காமல் டைல்ஸ் ஒட்டிவிட்டேன், இப்படியே விட்டால் உங்கள் தரையும் அச்சும் போகும், உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டும், செலவு என்னுடையது. ஐந்து வாக்கியத்தில் முடிந்தது. காலையிலிருந்து சுமந்தது ஐந்து வாக்கியம்தான்.

பல்செட்டம்மா அவரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஏணியைப் பார்த்தார்.

"யார் தப்பு?"

"என் வாய்" என்றார் மேஸ்திரி.

"என் காது" என்றான் ஏணி.

"வாயும் காதும் சரியாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. நடுவுல என்ன?"

"மேல பூசுன்னு சொன்னேன். இவன் செவுத்துல மேலன்னு நெனச்சுட்டான்."

பல்செட்டம்மா சிரிக்கவில்லை. துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். விரல்களால் அல்ல, மணிக்கட்டால். "எத்தனை நாள்?"

"ஒடைக்க இன்னைக்கு. பலகை மாத்தி, பூசி, காய மூணு நாள். ஒட்டி, சாந்து வெச்சு, அது காய. மொத்தம் ஒரு வாரம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்."

"ஒரு வாரம்." கையைப் பார்த்துக்கொண்டார். "நான் நாளைக்குக் காலைலேர்ந்துன்னு நெனச்சு நாலு செட்டு ஒத்துக்கிட்டேன்."

அலமாரிக்குள் மெஷின் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. ஏணி அதை அணைக்கப் போனான்.

"இருங்க" என்றார் பல்செட்டம்மா. "ஒடைக்கப் போற சீலிங்தான அது?"

"ஆமாம்மா."

"பலகையும் போகுது?"

"போகுது."

"அப்போ இன்னைக்கு ஒரு தடவை ஆவி குடிச்சா அதுக்கு வலிக்குமா?"

மேஸ்திரி யோசித்தார். "வலிக்காது."

"நகருங்க."

அவர் உள்ளே போனார். கதவு கப்பென்று மூடிக்கொண்டது. கண்ணாடியில் ஒரு நிழல் திண்டில் உட்கார்ந்தது, பிறகு நிழலும் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் நடைக்கு வந்தார்கள்.

இருபது நிமிடம். ஏணி படிக்கட்டில் உட்கார்ந்தான். மேஸ்திரிக்கு உட்கார முடியவில்லை. நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்தார்.

"மாமா, நீங்க நடந்தா சீலிங் தானா விழாது."

"அலமாரி" என்றார் மேஸ்திரி. "அடிக்கும்போது அதிரும். தாடையெல்லாம் விழும். வா, எடுத்து வைக்கலாம்."

மேலே போய் ஒவ்வொரு தாடையாக எடுத்துப் பக்கத்து அறைக் கட்டிலில் வைத்தார்கள். மேல் தாடைகள் ஒரு வரிசை, கீழ்த் தாடைகள் ஒரு வரிசை. ஏணி ஒவ்வொன்றின் அடியையும் வாய்விட்டுப் படித்தான். மேஸ்திரி திருப்பிச் சொல்லி வாங்கினார். பாதியில் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"மேல."

"மேலன்னா?"

மேஸ்திரி ஏணியைப் பார்த்தார். "மாடில. வேலை அறைல. உன் தம்பிகூட."

"சண்டையா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். "கேட்டேன்."

ஏணி போனை வாங்கிக்கொண்டான். "அக்கா, இனிமே வாக்கு வாங்கறதா இருந்தா ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கு. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினா வீடு ஒழுகுது." அவள் என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி சரி, ரெண்டு பேரும் சேந்துதான் வரோம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கீழே கதவு திறந்தது. இருவரும் இறங்கி வந்தார்கள்.

பல்செட்டம்மா சிவந்த முகத்தோடு நடையில் நின்றார், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. துண்டு இறுக்கமாக முடிந்திருந்தது. வலது கையை அவர்கள் முன்னால் நீட்டினார். மடக்கினார். முழுதாக மடங்கியது. திறந்தார், மறுபடி மடக்கினார். ஏதோ இரவல் வாங்கிய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எவ்ளோ நேரம் இருக்கும்னு தெரியல" என்றார். "பென்சில் இருக்கா?"

மேஸ்திரி காதிடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் நடையோர மேசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, நின்றபடியே, தாடைகளுக்கு எழுதுகிற அதே சின்ன எழுத்தில் எழுதினார். "அந்த வாளி எங்க?"

மேஸ்திரி வண்டிக்குப் போய்ச் சாக்கைத் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கிவந்தார். பல்செட்டம்மா சீட்டை மூடியில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். விரல் நுனியால் நீவிவிட்டார். சீலிங், பலகை முழுவதும், இரண்டு தடவை, தொட்டுப் பார்க்கவும்.

"ஒரு வாரம்" என்றார். "எட்டாவது நாள் காலைல நான் துண்டோட வந்து நிப்பேன்." பிறகு, நேரம் போகிறதே என்பதுபோல, மடங்கும் கையை மடக்கியபடி வேகமாகப் படியேறிப் போனார். பக்கத்து அறைக் கட்டிலில் அவர் அச்சுகளைத் தேடும் சத்தம் கேட்டது.

மெஷினை அணைத்தார்கள். ஆவி அடங்க நேரம் பிடித்தது. தரையிலும் திண்டிலும் சாக்கை விரித்தார்கள். மேஸ்திரி ஒரு தடவை, கடைசியாக, சரிவின் கோட்டைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தார். பிசகு இல்லை. அதுதான் கடுப்பாக இருந்தது.

ஏணி உளியையும் சுத்தியலையும் எடுத்தான். ஸ்டூல் வேண்டாம்.

"அடிக்கட்டுமா மாமா? மேலதான?"

"மேலன்னா எங்க?" என்றார் மேஸ்திரி.

ஏணி விரலை நீட்டி, திண்டுக்கு நேர் மேலே, மூலையில் முதல் டைல்ஸைத் தொட்டான்.